சோம்பு போட்ட தெகுவா

பந்தே பொய் சொன்னார். அதுவும் என் கடை பெஞ்சில் உட்கார்ந்து, நான் கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்.

காசியில் வருணா பாலத்துக்குப் பக்கத்தில் என் டீக்கடை. சாரநாத்திலிருந்து ஒரு புத்த பிக்கு வருவார். அவரைத்தான் பந்தே என்போம். ஊருக்குள்ளிருக்கும் மடத்திலிருந்து, கையில் தண்டம் ஏந்திய சந்நியாசி, தண்டி சாமி வருவார். காலை ஒன்பது மணிக்கு இரண்டு மொட்டைத் தலைகளும் உட்கார்ந்தால், சண்டை ஆரம்பம்.

அன்றைக்கும் அப்படித்தான்.

"இந்த டீயில பாலை எடுங்க, தண்ணிய எடுங்க, தூளை எடுங்க, சர்க்கரையை எடுங்க. டீன்னு ஏதாவது மிச்சம் இருக்கா மகராஜ்? 'நான்'கிறதும் அதே கதைதான்" என்றார் பந்தே.

"எல்லாத்தையும் எடுக்கிறவன் ஒருத்தன் மிச்சம் இருப்பான்ல? அவன்தான் ஆத்மா. உங்ககிட்டயும் என்கிட்டயும் இருக்கிறது அது ஒண்ணுதான்" என்றார் சாமி.

"அப்ப உங்க பழைய பேரு, ஊரு, வீடு?"

"அந்த ஆள் செத்தாச்சு பந்தே. சந்நியாசம் வாங்கின அன்னிக்கு நானே அவனுக்குப் பிண்டம் வெச்சுட்டேன்."

"செத்தவனுக்குப் பிண்டம் வெச்சது யாரு?"

சாமி வாயைத் திறந்தார். அதற்குள் ஒரு வயதான அம்மா தடி ஊன்றித் தட்டுத்தடுமாறி வந்தார். இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருந்தது. இடுப்பில் ஒரு துணி மூட்டை.

"தர்பங்காவிலேர்ந்து வர்றேன்பா. என் பையன் சசிகாந்த், மொட்டை போட்டுக்கிட்டு இந்தக் கடையில உட்கார்ந்திருப்பான்னு எங்க ஊர்க்காரர் சொன்னார். பன்னண்டு வருஷமா ஒரு தகவலும் இல்லை."

மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார்.

"இந்த அமாவாசையோட அந்தப் பன்னண்டு வருஷக் கெடு முடியுது. என் கொழுந்தனார் தர்ப்பைப் புல்லுல பொம்மை செஞ்சு வெச்சிருக்கார். அதைச் சிதையில வெச்சுக் கொளுத்திட்டா, என் பிள்ளை செத்தவன்னு ஆயிடும். அதுக்குள்ள கண்டுபிடிச்சிடணும்பா."



அந்த அம்மா கையை நீட்டித் துழாவினார். பந்தேயின் அங்கி நுனி கையில் அகப்பட்டது. கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"பௌவா! நீதானேடா?"

தர்பங்கா இருக்கும் மிதிலைப் பக்கம் பெற்றவள் பிள்ளையை அப்படித்தான் கூப்பிடுவாள்; பிள்ளை அவளை மையா என்பான். பந்தே பிறந்தது நாக்பூரில், வளர்ந்தது அநாதை விடுதியில். எனக்குத் தெரியாதா? அவர் ஒரு தரம் சாமியைப் பார்த்தார். சாமி தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆமா மையா. நான்தான்" என்றார் பந்தே.

'நான்' என்று ஒன்று இல்லவே இல்லை என்று தினம் தொண்டை கிழியக் கத்துகிற மனிதர்! கண் தெரியாதவளிடம் பொய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த அம்மா மூட்டையைப் பிரித்தார். தெகுவா. கோதுமை மாவும் வெல்லமும் பிசைந்து நெய்யில் பொரித்தது. வாசனை கடை முழுக்க நிறைந்தது. பந்தேயின் கையில் இரண்டு வைத்தார்.

"பக்கத்துல யாரோ மகராஜ் இருக்காப்ல இருக்கே. யாரோ ஒரு கிழவி போடற பிச்சைன்னு நினைச்சு நீங்களும் வாங்கிக்கணும்."

சாமி இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து ஏந்தினார். மெதுவாகத் தின்றார். தின்னும்போது அதிலிருந்த சோம்பை நகத்தால் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்து பெஞ்சு ஓரத்தில் வைத்தார்.

எனக்கு இன்னும் எரிச்சல். பிள்ளையைத் தேடி ஒருத்தி தவிக்கிறாள், இவர் நாக்கு ருசி கேட்கிறது. எல்லாம் ஒன்றுதான் என்றால், சோம்பு மட்டும் என்ன பாவம் செய்தது?

புறப்படும்போதும் ஒரு கூத்து. அந்த அம்மா பந்தேயின் முன்னால் தரையில் விழுந்து கும்பிட்டார். பந்தே பதறிப்போனார். பிறகு அந்த அம்மா எழுந்து, சாமியின் தலையைத் தேடி, மொட்டைத் தலைமேல் கையை வைத்தார். வெகு நேரம் எடுக்கவில்லை.

நான்தான் அந்த அம்மாவைக் கையைப் பிடித்து ஆட்டோ வரைக்கும் கூட்டிப்போனேன். மனசு கேட்கவில்லை.

"அம்மா, கண்ணு தெரியாம மாத்திப் பண்ணிட்டீங்க. பிள்ளையைக் கும்பிட்டுட்டு, மகராஜ் தலையில கையை வெச்சீங்களே!"

"மாத்தலைப்பா." அவர் சிரித்தார். "தெருமுனையிலயே என் பிள்ளை குரல் கேட்டுச்சு. சின்னதிலேர்ந்தே வாயாடி. அவங்க சண்டையைக் கேட்டே யாரு சாமி, யாரு பிக்குன்னு அங்கேயே தெரிஞ்சுபோச்சு."

நான் நின்றுவிட்டேன்.

"பின்னே ஏம்மா அவரைப் போய்..."

"சந்நியாசி பெத்தவ வீட்டுச் சோறு தின்னக்கூடாதாமே. தெரியாத கிழவி கொடுத்தா தின்னலாம்ல? அதான் அந்த பிக்குப் பிள்ளையைப் பிடிச்சுக்கிட்டேன். எனக்காகப் பொய் சொல்லாத தன் விரதத்தை விட்டு ஆமான்னுச்சு பாரு, அதான் அதைக் கும்பிட்டேன்."

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தவர் என் கையை விடவில்லை. 

"எனக்குத்தான் கண்ணு தெரியலை. நீ பார்த்திருப்பே. அவனுக்குச் சின்னதிலேர்ந்தே சோம்பு ஆகாது. போடாமத்தான் செய்வேன். இந்தத் தடவை வேணும்னே போட்டுக் கொண்டாந்தேன். தின்னானா, பொறுக்கி வெச்சானா?"

"பொறுக்கி வெச்சாரும்மா. ஒண்ணு விடாம."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப என் பௌவா சாகலை. பொம்மையைக் கொளுத்த வேண்டாம்னு சொல்லிடறேன்."