வெள்ளித் தட்டு
ஆபிட்ஸில், அந்தப் பழைய ஹோட்டலின் சாப்பாட்டுக்கூடத்தில் சரவிளக்குகள் மத்தியானத்திலும் எரிகின்றன. பிரியாணி முடிந்து, வெயிட்டர் குபானி இனிப்புக் கிண்ணங்களை ஒரு வெள்ளித் தட்டில் கொண்டுவந்து வைக்கிறார். சம்பந்தியாகப் போகிற சுபாஸ்ரீ துணி நாப்கினால் உதட்டை ஒற்றிக்கொண்டே சொல்கிறாள்: “நிச்சயத்துல உங்க கொழுந்தனாரும் அவர் சம்சாரமும் தட்டு மாத்தட்டுமே. நீங்க கீழ உக்காந்து பாருங்க. சாங்கியம்னு ஒண்ணு இருக்கில்ல?” கணவரை இழந்து ஒன்பது வருடமான நீலா ஒரு வாய் தண்ணீர் குடிக்கிறாள். நாற்காலி பளிங்குத் தரையில் கிறீச்சிட எழுந்து நிற்கிறாள். பக்கத்து மேசைகள் திரும்பிப் பார்க்கின்றன. வெள்ளித் தட்டை இரண்டு கையாலும் தூக்கி மேசைக்குக் குறுக்கே நீட்டுகிறாள். “என் பொண்ணுக்கு நான்தான் மாத்துவேன். இப்பவே மாத்திக்கலாம், வாங்கிக்குங்க.” சுபாஸ்ரீயின் கைகள் மடியிலேயே கிடக்கின்றன. கிண்ணத்துப் பாகில் சரவிளக்கு மினுங்குகிறது, துளியும் அலையாமல். பாலாநகர் ஃபாக்டரியில் முப்பது வருடம் மயிரிழைக் கம்பிகளைப் பற்றவைத்த கைகள் நீலாவுடையவை. மகள் ஸ்ரேயா தண்ணீர் டம்ளர்களை ஒதுக்கி வழிவிட்டு, அம்மாவின் தோளோடு தோளாக எழுந்து நிற்கிறாள். “கிந்த பெட்டக்கு அம்மா” என்கிறாள், கீழே வைக்காதே என்று, வாயில் முதலில் வரும் தெலுங்கில். நீலா தட்டைக் கீழே வைப்பதாக இல்லை.