ஹார்லன் உதைத்த கற்கள்

"திரும்பவும் ஷூ லேஸா? நீ கட்டி முடிக்கறதுக்குள்ள இந்தப் பாறையே தேஞ்சு மணலாயிடும்!"

குனிந்திருந்த லோர்னா நிமிர்ந்து, விரல்களில் அப்பியிருந்த சிவப்புப் புழுதியைக் கால்சட்டையில் துடைத்தாள். அதற்குள் அவள் கணவன் ஹார்லன் வெகு முன்னால் போய், ஒரு சாண் உயரக் கல் அடுக்கை எட்டி உதைத்துக்கொண்டிருந்தான்.

"வர்றவனெல்லாம் ஃபோட்டோவுக்குக் கல்ல அடுக்கி வச்சிட்டுப் போயிடறான். பாலைவனத்தப் பாலைவனமா விடத் தெரியாத ஜென்மங்க!"

"ஹார்லன், பூங்கா வாசல்ல அந்த ரேஞ்சர் இந்தக் கல்லப் பத்தித்தான்..."

"தொப்பி மாட்டுனவன் சொல்றதெல்லாம் வேதமா? அதெல்லாம் சின்னப் புள்ளைங்களுக்கு. நீ நடையக் கட்டு."

வாடகை வேனில் ஊட்டாவின் பாலைவனப் பூங்காக்களைச் சுற்றக் கிளம்பியதிலிருந்தே இப்படித்தான். ஸயன் பூங்காவில் கூட்டத்தைத் திட்டினான், பிரைஸ் பூங்காவில் காப்பியைத் திட்டினான். இங்கே திட்ட ஆள் கிடைக்காததால் கல்லை உதைத்தான். இயற்கையைக் காப்பாற்றத் தன்னை விட்டால் நாதியில்லை என்று அவனுக்கு நினைப்பு.

பாறை வளைவு வந்ததும் அதன்கீழ் நின்று தன்னைத்தானே விதவிதமாகப் படம் எடுத்துக்கொண்டான். லோர்னா நிழலில் உட்கார்ந்து, ஷூவின் ஒட்டுப் பட்டையைச் சர்ரென்று பிரித்து மணலைக் கொட்டினாள்.

திரும்பிப் போகலாமென்று பார்த்தால் நாலா பக்கமும் ஒரே மொட்டைப் பாறை. காலடித் தடம்கூடப் பதியாத பாறை. ஹார்லன் கிழக்கே போய்ப் பள்ளத்தைப் பார்த்துத் திரும்பினான், மேற்கே போய்ச் செங்குத்துச் சுவரைப் பார்த்துத் திரும்பினான். வெயில் மண்டையைப் பிளந்தது. புட்டியில் ஒரு வாய்த் தண்ணீர்தான் மிச்சம்.

"எந்தப் பக்கமா வந்தோம் லோர்னா?" சவடாலெல்லாம் வற்றி, குரல் கீச்சென்று வந்தது.

"அந்தக் கல்லுங்கதான் வழி. அதைத்தான் ரேஞ்சர் சொன்னாரு."

ஹார்லனின் முகம் வெளுத்தது. "ஐயோ, ஒண்ணு விடாம ஒதச்சுட்டேனே. செத்தோம்!"

லோர்னா எழுந்து முன்னால் நடந்தாள். சரிவு திரும்பிய இடத்தில் ஒரு கல் அடுக்கு கொஞ்சம் கோணலாக நின்றது. அதற்குக் கீழே இன்னொன்று. அதற்கும் கீழே இன்னொன்று.

ஹார்லன் வாயைப் பிளந்தான். "இத நான் ஒதச்சேனே! நீ பின்னால குனிஞ்சு குனிஞ்சு லேஸ்தானே கட்டிக்கிட்டிருந்த?"

"என் ஷூவுல லேஸே கிடையாது, ஹார்லன்."