வாழைப்பழத்தோல் தண்ணீர்

பால்கனியில் தொங்கிய ஆர்க்கிட் செடிக்கு வேர் அழுகிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து அலுமினியக் குவளைக்கு மனசு கேட்கவில்லை. பிலோமினா இருந்தவரை, வாழைப்பழத்தோல் ஊறிய தண்ணீரை எப்போதாவது உரமாக ஒரு கை அள்ளித் தெளிப்பாள், அவ்வளவுதான். அவள் செத்தபிறகு அவள் கணவர் சவரிமுத்து தினமும் குவளை குவளையாக ஊற்றுகிறார்.

"போதும்னு ஒரு இலையை உதிர்த்துக் காட்டேன்," என்றது குவளை.

"காட்டினேன். பசி போலிருக்குன்னு இன்னும் ஊத்தினார்," என்றது செடி.

"அப்ப எப்படித்தான் சொல்றது?"

"சொல்ல வேண்டாம். ஊத்தும்போது மட்டும்தான் அவர் அவகூடப் பேசுறார்."

மறுவாரம், மிச்சமிருந்த உயிரையெல்லாம் திரட்டிச் செடி ஒரு பூ பூத்தது.

"பார்த்தியா பிலோ!" கண்ணைத் துடைத்துக்கொண்டு சவரிமுத்து தண்ணீர் மொள்ளக் குவளையை எடுத்தார்.

தன் அடியில் ஓர் ஓட்டை விழாதா என்று குவளை ஏங்கியது.