வெள்ளைக் காரில் சிவப்புப் புள்ளிகள்

சீமைக்குத் திரும்பிய துரையிடம் முதலாளி வாங்கிய காருக்குப் புதிதாக அடித்த வெள்ளையில் ஒரே சிவப்புப் புள்ளிகள். அல்சூர் மோட்டார் ஷெட்டின் மேஸ்திரி ஏகாம்பரம் காறித் துப்பினார்.

"லாரிக்குச் சிவப்பு அடிச்சிட்டு, ஸ்ப்ரே கன்னைக் கழுவாமலே வெச்சிட்டியா, பேமானி?"

"முந்தாநாளே தின்னர் ஊத்திக் கழுவிட்டேன், மேஸ்திரி" என்றான் பெயிண்டர் முனிரத்தினம்.

"புத்தரைத் தவிர சாமியே இல்லேன்றவன் நீ. உனக்குத் தொழில் பக்தி எங்கேருந்து வரும்? நாளையிலேருந்து வராதே."

ஸ்ப்ரே கன்னின் மூக்கைக் கழற்றி, ஓட்டையில் அடைத்திருந்த சிவப்பை நகத்தால் சுரண்டி முகர்ந்தார் ஏகாம்பரம். பெயிண்ட் வாடையே இல்லை. சந்தனம் மணத்தது.

நேற்று ஆயுத பூஜையில், "இவன் வைக்காட்டி என்ன, நான் வைக்கிறேன்" என்று அந்த மூக்கில் சந்தனத்தையும் குங்குமத்தையும் அப்பியவர் அவர்தான்.