கெடாத எஞ்சின்

“அந்தப் பொண்ணுகிட்ட சொல்லி வை, என் வண்டியில கை வைக்கக் கூடாதுன்னு!”

வாருங்கள் வாசகரே, இந்த அநீதிக்குச் சாட்சியாக வந்து நில்லுங்கள். ‘அந்தப் பொண்ணு’ என்று சுட்டப்பட்டவள் வேறு யாருமல்ல. மனைவியிடம் இப்படிக் கத்தியவர் பெற்ற ஒரே மகள். நின்றதும் தொலைவில் அல்ல. மூன்றே அடி தள்ளி, தன் சொந்தப் பட்டறையில், அவருடைய காரிலிருந்து கழற்றிச் சங்கிலியில் தொங்கவிட்ட எஞ்சினை ஆடாதபடி ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் அலுவலக நாற்காலியை உதறிவிட்டு அவள் ஸ்பானரை எடுத்தாள். “கிரீஸ் கையோட என் வாசப்படி ஏறாதே” என்றார் தந்தை. அன்றோடு மகளிடம் நேராக ஒரு சொல் பேசுவதையும் நிறுத்தினார். ஆணுக்கு ஸ்பானர், பெண்ணுக்குக் கரண்டி என்று எந்தத் தாயின் கருவறையில் எழுதி அனுப்பினார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்!

“அப்பா கோவமா இருக்காருடி” என்றாள் இருவருக்கும் நடுவில் நின்ற தாய்.

“காதுல விழுந்துச்சும்மா. நான் என்ன அடுத்த ஊர்லயா இருக்கேன்? எதுக்கு வேணாங்கறாருன்னு கேளு.”

“எதுக்குங்க வேணாங்கறீங்க?”

“எண்ணூறு சிசி வண்டியில ஆயிரத்து முந்நூறு சிசி எஞ்சினா? சுண்டெலிக்குத் தும்பிக்கை வெச்ச மாதிரி இருக்கும்னு சொல்லு!”

தாய் மகள் பக்கம் திரும்பினாள். “சுண்டெலியாம். தும்பிக்கையாம்.”

“அந்தச் சுண்டெலி வாரா வாரம் நடுரோட்டுல படுத்துக்குதே, அது ஏன்னு கேளு.”

அது உண்மை. பதினேழு வயதான அந்தச் சின்னக் கார் சனிக்கிழமை வந்தால் நின்றுவிடும். ஒரு வாரம் பிளக் வயர், ஒரு வாரம் பேட்டரி, ஒரு வாரம் ஃபேன் பெல்ட். வழியில் நான்கு பட்டறைகள் இருந்தும், அவற்றைத் தாண்டி இங்கேதான் தள்ளிக்கொண்டு வருவார். “கண்ணெதிர்ல வேலை நடந்தாதான் நம்புவேன்” என்று மனைவியிடம் சொல்வார். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, மூன்று மணி நேரம் மகளின் கையையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். சிறைக் காவலன்கூட நடுவில் ஒரு கொட்டாவி விடுவான், இவர் விடமாட்டார். பெண்ணின் உழைப்பைச் சந்தேகிக்கும் கண்களுக்கு இமை எதற்கு!

“போன வாரம் தள்ளிட்டு வரும்போது மூச்சு வாங்கி ஓரமா உட்கார்ந்துட்டீங்க. எனக்கு உயிரே போயிடுச்சு” என்றாள் தாய். “அதான் எஞ்சினை மாத்திடுன்னு சொன்னேன்.”

“யாரைக் கேட்டுச் சொன்னே?”

“என்னையே கேட்டுக்கிட்டேன். வண்டி என் பேர்லதானே இருக்கு?”

மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “அம்மா, அவருக்குப் புரியற மாதிரி சொல்லு. நான் மாட்டப்போற எஞ்சின், பின்பக்கம் நசுங்கின ஒரு கார்ல இருந்து எடுத்தது. எஞ்சினுக்கு ஒரு கீறல்கூட இல்ல. அதோட கியர்பாக்ஸையே சேர்த்துப் போடறேன். பிரேக், ரேடியேட்டர் எல்லாம் பெருசா மாத்தியாச்சு. ஆர்டிஓ ஆபீஸ்ல அனுமதிக் கடிதமும் வாங்கிட்டேன்.”

“இந்த வயசுல வேகமாப் போய் நான் எதுல முட்டணுமாம்?”

“வேகத்துக்கு இல்லம்மா, வழியில நிக்காம இருக்கறதுக்கு. வருஷத்துக்கு ஒரு தடவை வந்து ஆயில் மாத்தினா போதும். மத்தபடி பானெட்டையே திறக்க வேணாம்.”

“வருஷத்துக்கு ஒரு தடவையா?”

அவர் குரல் சட்டென்று இறங்கியது. தொங்கிக்கொண்டிருந்த பழைய எஞ்சினருகே போய் அதைத் தடவினார். “இதுவே நல்ல எஞ்சின்தான். இதையே திரும்ப மாட்டச் சொல்லு.”

தாய்க்குப் பொறுமை போனது. “பிடிவாதத்துக்கும் ஒரு அளவு வேணாமா? ஊர்ல இருக்கறவன்லாம் இவகிட்ட வண்டியைக் கொடுத்துட்டு நிம்மதியாத் தூங்கறான். பெத்த அப்பனுக்கு மட்டும் இவ மாட்டற எஞ்சின் ஓடாதா?”

“ஓடும்டி! எனக்குத் தெரியாதா? நிக்காம ஓடும்!” என்றார் அவர். “அப்புறம் சனிக்கிழமை நான் என்ன சாக்கு சொல்லி இங்க வந்து உட்காருவேன்?”



மகள் கையைத் துடைத்துக்கொண்டே அவர் எதிரே வந்தாள். “பிளக் வயர் தானா கழண்டுச்சா, யாராவது கழட்டினாங்களான்னு எனக்குத் தெரியாதாப்பா? முதல் மாசமே தெரியும். ஃபேன் பெல்ட்டை பிளேடால அறுத்தது மட்டும் கொஞ்சம் ஓவர். ஆனா நீங்க மூச்சு வாங்கத் தள்ளிட்டு வர்றதை இனிமே என்னால பார்க்க முடியாது. சனிக்கிழமை சும்மாவே வாங்க.”

நான்கு ஆண்டுகளில் முதன்முறையாக அவர் மகளின் முகத்தைப் பார்த்து நேராகப் பேசினார்:

“சனிக்கிழமை மட்டுந்தானா?”

வாசகரே, உங்களுக்கும் நீங்களே அடைத்துக்கொண்ட ஒரு வாசல் இருக்குமானால், எந்த வயரையும் கழற்றாமல், எந்தச் சாக்கும் தேடாமல், இன்றே எழுந்து போய்க் கதவைத் தட்டுங்கள்!