மாற்று ஆள்

ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் இரும்புக் கேட்டில் மதிய வெயில் பட்டுக் கண் கூசுகிறது. ரத்தினவேல் காவலாளிச் சட்டையில் நிற்கிறார். வயிற்றருகே ஒரு பித்தானைப் போட முடியவில்லை. பதினேழு வருடம் ராணுவத்தில் இருந்தவர், இப்போது கம்பெனிகளுக்குக் காவலுக்கு ஆள் அனுப்பும் சின்ன ஏஜென்சியின் முதலாளி. இங்கே நிற்கவேண்டியவன் நேற்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை. கேட்டில் ஆளில்லை என்றால் ஒப்பந்தம் போய்விடும் என்று அவரே வந்து நிற்கிறார். சட்டைப்பையில் போன் அதிர்கிறது. மனைவி பொற்கொடி. "நம்ம தர்ஷினியப் பொண்ணு பாக்க வந்தவங்க கெளம்பறோம்ங்கறாங்க. எங்கங்க இருக்கீங்க?" "மீட்டிங்ல மாட்டிக்கிட்டேன். இன்னொரு காபி குடு, செத்த நேரம் உக்காரட்டும்." போனுக்குள் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்கிறது. அதற்குள் வெளியே ஹாரன். போனை வைத்துவிட்டு ஓடிப்போய்க் கேட்டைத் திறக்கிறார். கை தானாக நெற்றிக்குப் போகிறது. காரின் கண்ணாடி பாதி இறங்குகிறது, உள்ளிருந்து ஏசிக் குளிர் அவர் கழுத்து வியர்வையில் படுகிறது. தொழிற்சாலை மேனேஜர் முகத்தைத் திருப்பாமலே பேசுகிறார். "நேத்து முழுக்க இங்க ஆளே இல்லையாமே? உங்க ஓனர நாளைக்கு வந்து என்னப் பாக்கச் சொல்லு."

ரத்தினவேல் நெற்றியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"சொல்றேங்க சார்."