சணல் சுவர்

வெளியே ஐம்பது டிகிரி வெயில். சணல்நார் அடைத்துக் கட்டிய பெரியாஸ்பத்திரிச் சுவர்கள் வெக்கையை உள்ளே விடாது, சத்தத்தை வெளியே விடாது.

நாச்சியாரின் கணவர் தங்கப்பாண்டி கண்மூடினார். நர்ஸ் அறைக்கதவைச் சாத்தினாள். "எவ்வளவு வேணாலும் அழுதுக்கம்மா. யாருக்கும் தொந்தரவில்ல."

நாச்சியார் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். ஊரில் ஒரு குரல் எழுந்தால் தெருவே ஓடிவந்து கட்டிக்கொண்டு அழும். இங்கே ஒரு நாதி வரவில்லை. தொண்டை கட்டும்வரை தனியாகவே அழுதாள்.

கதவைத் திறந்தாள். கூடத்துக் குளிர்ச்சியில் சொந்தபந்தமெல்லாம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது. அவள் அண்ணன் எழுந்து வந்தான்.

"இவ்வளவு நேரமா ஒரு அழுகைச் சத்தமும் கேக்கல. மாப்ள பொழச்சுக்கிட்டாருன்னு இப்பதான் எல்லாருக்கும் மிட்டாய் குடுத்தேன். இந்தா ஆத்தா, நீயும் வாயத் தொற."

திறந்தாள். குரல் வரவில்லை.